தரம் 4 வகுப்பறை இருக்கை வேலை: அங்கத்தவர்களுக்கான நிறைவு அறிக்கை

அன்பான பெற்றோர்களே, பழைய மாணவர்களே,

"மேசையைத் தள்ளிப் போட இவ்வளவு காசா?" என்று சென்ற பொதுக்கூட்டத்தில் கேட்டீர்கள். முதலில் அதற்கு மறுமொழி.

முன்பு பிள்ளைகள் நீள வாங்குகளில் எதிரெதிராக இருந்தார்கள். ஒரு பிள்ளை இருமினால் முன்னாலிருக்கிற பிள்ளையின் முகத்தில்தான் படும். இப்போது ஆளுக்கொரு மேசை, எல்லாரும் கரும்பலகையைப் பார்த்தபடி. 2020இல் கொரோனாக் காலத்தில் சொன்ன அந்த ஒரு மீற்றரை, அதாவது மூன்றேகால் அடியை, அளவாக எடுத்தோம். 20க்கு 25 அடி அறையில் ஆசிரியர் நிற்கும் ஐந்தடி போக, ஆறு வரிசையில் ஆறாறு பேர்தான் இருக்கலாம். இருந்ததோ 41 பேர். மிச்சம் ஐந்து பேரை மற்றப் பிரிவுக்குச் சீட்டுக் குலுக்கித்தான் அனுப்பினோம். யாருடைய பிள்ளை என்று பார்க்கவில்லை. மனம் நொந்த தாய்மார் இதை நம்பவேண்டும்.

இனி ஒப்பந்தக்காரர் விஷயம். மாரியில் வாடைக்காற்றோடு சாரல் அடித்தால் யன்னலெல்லாம் பூட்டுவோம். பிள்ளைகள் இருமுவதும் அந்தக் காலத்தில்தான். அதனால் கூரையோரம் இரண்டு சுவரிலும் பூக்கல் (காற்றுப் போகத் துளையுள்ள கல்) வைக்கச் சொன்னோம். அவர் மேற்குச் சுவரில் மட்டும் வைத்துவிட்டு, கிழக்கில் வைத்தால் மழை உள்ளே வரும் என்றார். ஒப்பந்தத்தில் "சுவரில்" என்றுதான் எழுதியிருந்தது, "இரு சுவர்களிலும்" என்று இல்லை. அது எங்கள் பிழை, ஒத்துக்கொள்கிறோம். ஆனாலும் விடவில்லை. அறை நடுவில் ஊதுபத்தி கொளுத்தி அவருக்கே காட்டினோம். புகை எங்கேயும் போகாமல் கடைசி வரிசைக்கு மேலே அப்படியே நின்றது. கிழக்கையும் திறந்து, மழைக்குத் தகரத் தாழ்வாரம் இறக்கிய பிறகு கொளுத்தினால், புகை மேற்குப் பூக்கலால் வெளியேறியது. அவர் கேட்டது 62,000 ரூபாய். மூன்று கூட்டம் வைத்து 40,000 கொடுத்தோம். காற்று ஓடாத அறையில் மேசையைத் தள்ளிப் போட்டு மட்டும் பிரயோசனமில்லை. அந்தக் காசு வீண்போகவில்லை.

வர்ணம், மின்விசிறி வேலைகள் முடிந்தன.

மேசைகளில் பன்னிரண்டு 2004 சாதாரண தரப் பிரிவினருடையது. எட்டைக் கனடாவிலிருக்கும் பழைய மாணவி தந்தார். மிச்சத்தைக் கல்முனைக் கடைக்காரர் இருவர், வாவிக்கரை மீன்பிடிக் குடும்பங்கள், இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் பொறுப்பெடுத்தார்கள். தகரம் தந்தவர் பெயர் வேண்டாமென்றார். வேலையாட்களுக்கு மதியச் சோறு சமைத்த தாய்மாருக்குத் தனி நன்றி.

ஆனால் கொப்பளிப்பான் (சின்னம்மை) மேசையைத் தள்ளிப் போடுவதால் நிற்காது. அது காற்றிலும் பரவும், கொப்பளம் போடுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றும். போட்ட பிள்ளையைப் பொருக்குக் கட்டும்வரை வீட்டில் வைத்திருங்கள்.

பற்றுச்சீட்டுகள் எல்லாம் அதிபரின் காரியாலயத்தில் கோவைப்படுத்தி இருக்கின்றன. சந்தேகமுள்ளவர்கள் பாடசாலை நாட்களில் வந்து பார்க்கலாம்.

செயலாளர்,
பாடசாலை அபிவிருத்திச் சங்கம்