ஆத்துக்கும் இடம் விடுங்க: நகரத்து ஆறுகளுக்குத் திட்டம் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வெள்ளத் தடுப்புன்னு பேச்சு எடுத்தாலே உங்க வரைபடத்துல முதல்ல வர்றது சுவர்தான். கரையை உசத்து, கான்கிரீட் போடு, வளைஞ்சு போறத நேராக்கு. வெள்ளம் வந்தா முதல்ல திட்டு வாங்குறது நீங்கதான், அதனால இந்த அவசரம் எனக்குப் புரியுது. ஆனா தண்ணி இங்க வேகமா ஓடுதுன்னா கீழ்ப்பக்கம் இருக்குற ஊருக்கு வேகமா போய்ச் சேருதுன்னுதானே அர்த்தம்?

சுவருக்கு உள்பக்கம் நடக்குறதையும் பாருங்க. மழைநீர் வடிகால் ஆத்துல சேர்ற இடத்துல ஒருபக்கமா மட்டும் திறக்குற கதவு வெச்சிருப்பீங்க, ஆத்துத் தண்ணி ஏறினா அது மூடிக்கும், சரி, ஆனா அதே நேரத்துல ஊருக்குள்ள பெய்யுற மழைக்குப் போக வழியில்ல, கரண்ட் போய் பம்ப் நின்னுச்சுன்னா ஆறு கரை தாண்டாமலேயே தெருவுல இடுப்பளவு தண்ணி நிக்கும்.

ஆளுயரச் சுவருக்குப் பின்னாடி போன ஆறு கண்ணுல படாது, கண்ணுல படாத ஆத்துல என்னத்தக் கொட்டினாலும் கேக்க ஆளில்ல. குப்பையும் வண்டலும் சேந்து ஆழம் குறைஞ்சு, எந்த வெள்ளத்துக்காகச் சுவர் கட்டினீங்களோ அதையே தாங்க முடியாமப் போயிடுது.

1938 வெள்ளத்துக்கு அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் ஆத்தைப் பெரும்பாலும் கான்கிரீட்டுக்குள்ள அடைச்சாங்க. வெள்ளம் கட்டுப்பட்டது உண்மைதான், ஆனா ஊர் நடுவுல இருந்த ஆறு வெறும் வாய்க்காலாப் போச்சு, இப்ப அதை மீட்கத் திட்டம் மேல திட்டம் போடுறாங்க. சிங்கப்பூர்ல பீஷான் பூங்கா ஓரமா 2.7 கிலோமீட்டருக்கு நேரா ஓடின கான்கிரீட் கால்வாயை உடைச்சு 3.2 கிலோமீட்டர் வளைஞ்சு ஓடுற ஆறா மாத்தினாங்க, 2012ல திறந்தாங்க. சாதாரண நாள்ல குழந்தைங்க இறங்கி விளையாடுற புல்வெளி, பெருமழையில தண்ணி பரவுற இடம். சைரன், எச்சரிக்கை விளக்கெல்லாம் வெச்சிருக்காங்க, அது இல்லாம இதைச் செய்யவே கூடாது.

நெதர்லாந்துல 1995ல வெள்ளம் வருமோங்குற பயத்துல சுமார் ரெண்டரை லட்சம் பேரை வெளியேத்த வேண்டி வந்துச்சு. அதுக்கப்புறம் நைமேகன் நகரத்துல கரையை உசத்துறதுக்குப் பதிலா 350 மீட்டர் பின்னாடி தள்ளி வெச்சாங்க. அதுக்காகச் சில குடும்பங்கள் வீட்டை விட்டாங்க, அந்த வலி சின்னதில்ல. அதனாலதான் சொல்றேன், கரையோரத்துல இருக்குறவங்ககிட்ட முதல் நாளே உக்காந்து பேசுங்க, டெண்டர் விட்டப்புறம் நோட்டீஸ் ஒட்டாதீங்க.

ஆத்துக்கு இப்படி இடம் விடுறது எல்லா இடத்துலயும் நடக்காது. வீடுங்க நெருக்கி நிக்குற இடத்துல சுவர் வேணும், கட்டுங்க. ஆனா இன்னும் காலியா இருக்குற தாழ்வான நிலத்துக்கு இனிமே கட்டட அனுமதி குடுக்காதீங்க. அப்புறம் ஆத்தோரமா இப்படிப் பூங்கா அமைச்சா, வெள்ளம் வடிஞ்சதும் அதுல தங்குற சேறை அள்ள ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்ல தனியா பணம் ஒதுக்குங்க. இந்த ரெண்டையும் இந்த வருஷத் திட்டத்துலயே எழுத்துல பாக்கணும்னு கேக்குறேன்.