அராஜகத்துக்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல் தேவை

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் தமிழ்மொழி மூலம் சர்வதேச உறவுகள் பாடத்தை வகுப்பவர்களுக்கும் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மேல்மாடியில், வெளிவாரிப் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை காலை எட்டு மணி வகுப்பு. ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். பதினொரு வருடப் பழக்கம்.

போன மாதம் மாதிரிப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். இந்தப் பாடத்தின் இரண்டு பெரிய கோட்பாட்டாளர்களான கென்னத் வோல்ட்ஸும் அலெக்சாண்டர் வென்டும் ஒரே கருத்துடையவர்கள் என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். கெட்டிக்காரப் பிள்ளை. சரி, நித்திரைக் கலக்கமாக்கும் என்று அடுத்த தாளை எடுத்தால் அதிலும் அதே. அப்புறம்தான் குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். வோல்ட்ஸ் 1979இல் சொன்னதற்குப் பெயர் "கட்டமைப்பு யதார்த்தவாதம்". வென்ட் 1992இல் அதை மறுத்து எழுதியதற்குப் பெயர் "கட்டமைப்புவாதம்". அரசுகளுக்கு மேலே ஓர் அதிகாரம் இல்லை, அதுவே அவற்றைத் தன் காவலைத் தானே பார்க்க வைக்கிறது, யாரிடம் எவ்வளவு பலம் என்று பார்த்தால் போதும் என்கிறார் முன்னவர். மேலே யாரும் இல்லாத அந்த வெறுமைக்குத் தானாக ஒரு குணமும் கிடையாது, அரசுகள் பழகிப் பழகித்தான் அதைப் பகையாகவோ நட்பாகவோ ஆக்கிக்கொள்கின்றன என்கிறார் பின்னவர். தமிழில் இரண்டு பேருக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்டோம். மாணவர்மேல் பிழை இல்லை. அந்தக் குறிப்பைப் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுத்தவனே நான்தான்.

மற்றச் சொற்களும் லேசுப்பட்டவை அல்ல. "அவர் யதார்த்தமான மனுசன்" என்று நம் வீடுகளில் சொன்னால் கள்ளம் கபடம் தெரியாதவர் என்று அர்த்தம். இந்தப் பாடத்தில் யதார்த்தவாதம் பேசும் பழைய அறிஞர் மோர்கெந்தோவோ யாரையும் நம்பாதே என்கிற ஆள். முதல் வகுப்பிலேயே இந்த முடிச்சை அவிழ்க்க அரை மணித்தியாலம் போகிறது. "அராஜகம்" இன்னும் மோசம். பஸ்ஸில் மிச்சக்காசு கொடுக்காததுகூட நமக்கு அராஜகம்தான். இந்தப் பாடத்தில் அந்தச் சொல்லுக்கு அடிதடி, குழப்பம் என்று பொருளே இல்லை; அரசுகளுக்கு மேலே ஒரு அரசு கிடையாது, அவ்வளவுதான். ஆனால் மாணவர் மனதில் அடிதடி படம் விழுந்துவிட்டால், வென்ட் என்ன சொன்னாலும் ஏறாது.

சொல் மட்டும் பிரச்சினை என்றால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். நாங்கள் பெரும்பாலும் யதார்த்தவாதம், தாராளவாதம், மாக்சியம் என்று மூன்றோடு கடையைச் சாத்திவிடுகிறோம். பின்காலனியம், பெண்ணியம் போன்ற புதிய அணுகுமுறைகள் கடைசி இரண்டு பக்கத்தில் பெயர்களாக வந்து போகின்றன. ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை அவைதான். மலேசியாவையும் கொஸ்தா ரிக்காவையும் வைத்துச் சர்வதேச அரசியலுக்குக் கோட்பாடு கட்டுவது நகைப்புக்கிடம் என்று வோல்ட்ஸே எழுதினார். மலேசியாவுக்கே அந்தக் கதி என்றால் நம்மை எங்கே தேடுவது?

ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 ஒக்டோபர். இலங்கையில் குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளித் தமிழர் 975,000 பேரை இரண்டு அரசுகளும் பங்கிட்ட ஒப்பந்தம். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதி பிரித்தார்கள். குறிப்புகளில் இது "இருதரப்பு இராஜதந்திரத்தின் வெற்றி" என்று ஒரு வரி. அதை நான் வாசித்த நாளில், மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து வந்து கடையொன்றில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். "சேர், எங்க தாத்தா இங்கயே இருந்துட்டாரு, அவரோட தங்கச்சி கோத்தகிரிக்குப் போயிட்டாங்க. அவங்ககிட்ட யாரு சேர் கேட்டா?" வோல்ட்ஸிடம் இதற்குப் பதில் இல்லை. அவர் கேட்கும் கேள்வியே வேறு. குடியுரிமை, எல்லை என்பவை எப்படி ஆட்களை உருவாக்குகின்றன, அழிக்கின்றன என்று கேட்பவர்கள் பின்காலனிய நோக்கில், அதாவது காலனியாட்சி விட்டுப்போன தடங்களை வைத்து, எழுதுபவர்கள். அவர்களுடைய ஒரு பக்கத்தைக்கூட அவளுக்குத் தமிழில் கொடுக்க என்னிடம் இருக்கவில்லை.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. வகுப்பில் அது சீனா, இந்தியா, ஜப்பான், நாணய நிதியம் என்று நாலு பெரிய ஆட்களின் கதையாகத்தான் வருகிறது. ஆனால் இந்த நாட்டுக்கு டொலர் கொண்டுவருபவர்களில் குவைத்திலும் சவூதியிலும் வீட்டுவேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். என் வகுப்பிலேயே இரண்டு பேரின் அம்மாமார். பெண்ணிய ஆய்வாளர் சிந்தியா என்லோ 1989இலேயே கேட்டார்: இராணுவத் தளத்துக்கு வெளியே, வாழைத்தோட்டத்தில், வேற்றுநாட்டுச் சமையலறையில் நிற்கும் பெண்களை விட்டுவிட்டு உலக அரசியலை எப்படி விளங்கிக்கொள்வது என்று. பெண்ணிய அணுகுமுறை என்றதும் சில ஆசிரியர்கள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் சிரிக்கவில்லை.

மொஹமட் அயூபை ஒரு வரியிலாவது சேருங்கள். மூன்றாம் உலக அரசுகளின் பாதுகாப்புப் பயம் முக்கியமாக உள்ளேயிருந்து வருகிறது என்று எழுதியவர். இந்த நாட்டில் அதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

புதிது என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைக்கச் சொல்லவில்லை. 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது டெல்லி பதறியதைப் புரிந்துகொள்ள வோல்ட்ஸ் கட்டாயம் வேண்டும். புதிய எழுத்தில் ஒரு பகுதி வெறும் சொற்சிலம்பம் என்பதும் என் அபிப்பிராயம். அமிதவ் ஆச்சார்யா 2014இல் மேற்குக்கு வெளியே உள்ளவர்களின் அனுபவத்தையும் சேர்த்து "உலகளாவிய சர்வதேச உறவுகள்" என்று பேசத் தொடங்கியதை வரவேற்கிறேன். ஆனால் ஒவ்வொரு தலைநகரமும் தன் பழைய பெருமையை எடுத்துத் தூசு தட்டி அதைத்தான் கோட்பாடு என்று விற்க வந்தால், கவனமாக இருக்க வேண்டும். கோட்பாடு எப்போதும் யாரோ ஒருவருக்காக, ஏதோ ஒரு நோக்கத்துக்காக என்று 1981இல் கனடிய அறிஞர் றொபர்ட் கொக்ஸ் சொன்னது வாஷிங்டனுக்கு மட்டுமல்ல, பெய்ஜிங்குக்கும் டெல்லிக்கும்தான்.

இதைக் காட்ட மாணவர்களைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிப் போவேன். சீனத் தளபதி செங் ஹேயின் 1409ஆம் ஆண்டுக் கல் அங்கே இருக்கிறது. காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரைக் கோயில் தெய்வமான தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கை. தமிழ் இராஜதந்திர மொழியாக இருந்ததைப் பார்த்துப் பிள்ளைகளின் முகம் மலரும். அப்புறம் மற்றதையும் சொல்வேன்: அதே தளபதிதான் அடுத்த ஓரிரு வருடங்களில் இங்கே ஆட்சி செய்த அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனவர். மரியாதை, உறவு என்று பேசும் கோட்பாட்டாளருக்கும் யதார்த்தவாதிக்கும் அந்தக் கல்லுக்கு முன்னால் நல்ல சண்டை நடக்கும். ஒரு முறை காவலாளி வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

நான் கேட்பது அதிகமில்லை. "யதார்த்தவாதத்தின் பிரதான அம்சங்களை விளக்குக" என்ற கேள்வியை ஒரு வருடமாவது ஓய்வெடுக்க விடுங்கள். 1964 ஒப்பந்தத்தை வோல்ட்ஸ் எப்படிப் பார்ப்பார், என்லோ எப்படிப் பார்ப்பார் என்று கேளுங்கள். குறிப்பைப் பாடமாக்கியவர் திணறுவார். என் வகுப்பிலும் பலர் திணறுவார்கள், பரவாயில்லை. அதோடு, கலைச்சொற்களை எல்லாப் பல்கலைக்கழகமும் கூடியிருந்து ஒரே தடவை தீர்மானியுங்கள். ஒரு விரிவுரையாளர் எழுதிய சொல் இன்னொருவர் திருத்தும்போது பிழையாகிவிடுகிறது.

நானும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், பழைய சி.ஆர். கொப்பியில். வென்டுக்கு இப்போதைக்குக் "கட்டுமானவாதம்" என்று எழுதியிருக்கிறேன். அராஜகத்துக்கு எதிரே நெடுநாள் வெறுமையாக இருந்தது. அந்தப் பொகவந்தலாவைப் பிள்ளைதான் ஒரு சொல் சொன்னாள்: "கேட்பாரில்லா நிலை". மேலே நின்று கேட்க ஆளில்லை என்ற பொருள் சரியாக விழுகிறது. கேட்பாரற்றுக் கிடப்பது என்ற வாசமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. அதனால் பென்சிலால்தான் எழுதினேன். உங்களிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள். அழிறப்பர் மேசையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஆசிரியர்