போர் விமானத்தின் விலையை வகுத்துப் பார்ப்பது பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலகுரக ஒற்றை எஞ்சின் போர் விமானங்களை ஒப்பிட்டுத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையையும் அதனுடன் இருந்த அட்டவணையையும் படித்தேன். பொது வாசகருக்குப் புரியும்படி எழுதப்பட்டிருந்தாலும், விலை, வேகம் என்ற இரண்டு அளவுகளை மட்டும் வைத்து விமானங்களை வரிசைப்படுத்தியிருப்பது சரியல்ல என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒப்பந்தத் தொகையை விமானங்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைத்த விடையையே கட்டுரையாளர் விலையாகக் கொண்டிருக்கிறார். பிரேசில் 2014இல் ஸ்வீடனின் 36 கிரிப்பன் விமானங்களுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம் ஏறத்தாழ 540 கோடி டாலர். போலந்து 2022இல் தென்கொரியாவின் 48 எஃப்ஏ-50 விமானங்களுக்குச் செய்துகொண்டது ஏறத்தாழ 300 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் முன்னது 15 கோடி, பின்னது 6 கோடிக்குச் சற்று மேல். ஆனால் பிரேசில் கொடுத்த பணத்தில் தொழில்நுட்பத்தைப் பெறுவதற்கும், தன் பொறியாளர்களைப் பயிற்றுவிப்பதற்கும், விமானத்தின் ஒரு பகுதியை உள்நாட்டிலேயே தயாரிப்பதற்குமான செலவும் அடங்கியிருக்கிறது. இவ்விரண்டு தொகைகளையும் ஒரே கட்டத்தில் எழுதி, ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விலை கூடியது என்று முடிவு கட்டுவது கணக்காகாது.

பறக்கும் நேரத்துக்கான செலவும் அப்படித்தான். கட்டுரையில் கிரிப்பனுக்கு மணிக்கு 4,700 டாலர், அமெரிக்காவின் எஃப்-16க்கு 7,000 டாலர் என்று தரப்பட்டுள்ளது. பாதுகாப்புத் துறைத் தகவல்களைத் தொகுக்கும் ஜேன்ஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வின் எண்கள் இவை. அந்த ஆய்வைக் கேட்டுப் பெற்றது கிரிப்பனைத் தயாரிக்கும் சாப் நிறுவனமே. அதனால் எண்கள் பொய் என்று நான் சொல்லவரவில்லை. எரிபொருள், தளத்திலேயே செய்யும் பராமரிப்பு, அதற்கான ஆட்கூலி ஆகியவற்றோடு நிற்கும் எண்ணையும், பெரிய பழுதுபார்ப்பும் மேம்பாட்டுச் செலவும் சேர்ந்த எண்ணையும் அருகருகே வைக்கக் கூடாது என்பதே என் வாதம்.

செயல்திறனுக்கு வருகிறேன். இந்தியாவின் தேஜஸ், எஃப்ஏ-50, பழைய கிரிப்பன் ஆகிய மூன்றும் அமெரிக்காவின் எஃப்404 எஞ்சினையோ அதிலிருந்து பிறந்த எஞ்சினையோ கொண்டவை. ஆகவே இவற்றின் வேறுபாட்டை இறக்கையிலும் எடையிலும்தான் தேட வேண்டும். தேஜஸின் முக்கோண இறக்கை 38 சதுர மீட்டருக்கும் மேல் பரப்புள்ளது. அதைவிட மிகக் கனமான எஃப்-16க்கு 28 சதுர மீட்டர்தான். அகன்ற முக்கோண இறக்கையால் விமானம் சட்டென்று மூக்கைத் திருப்பும். ஆனால் திருப்பம் நீள நீள வேகம் கரைந்துகொண்டே போகும். அட்டவணையில் உள்ள உச்ச வேகம் இதில் எதையும் சொல்வதில்லை. மேலும் மாக் 2, அதாவது ஒலியைப் போல் இரு மடங்கு வேகம், என்பது வெளியே மாட்டும் எரிபொருள் தொட்டிகளும் குண்டுகளும் இல்லாத விமானம் மிக உயரத்தில் சிறிது நேரம் எட்டும் வேகம். அந்த நிலையில் யாரும் போருக்குப் போவதில்லை.

உந்துவிசைக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். புதிய கிரிப்பன்-இ விமானத்தின் எஞ்சின் ஆஃப்டர்பர்னருடன் (வெளியேறும் வாயுவில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) 98 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 10 டன் உந்துவிசை தருகிறது. வெற்று எடை 8 டன். உள்தொட்டிகள் நிறைந்தால் எரிபொருள் 3.4 டன். விமானியும் ஏவுகணைகளும் ஏறுவதற்கு முன்பே விமானத்தின் எடை உந்துவிசையை மிஞ்சிவிடுகிறது. பாதித் தொட்டியோடு கணக்கிட்டால் விகிதம் ஒன்றைத் தாண்டும். விளம்பரக் கையேடுகளில் இருப்பது எந்தக் கணக்கு என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஒற்றை எஞ்சின் விமானங்களின் பராமரிப்பில் இருந்தவன். ஒருமுறை உள்ளங்கை அகலமுள்ள ஒரு ரப்பர் வளையம் வந்து சேராததால், மற்ற எல்லா வகையிலும் தயாராக இருந்த விமானம் ஜாக்கிகளின் மேல் பதினொரு நாள் நின்றது. அந்தப் பதினொரு நாளும் அதன் உச்ச வேகம் சுழியம்தான். போருக்குப் போய்த் திரும்பும் கிரிப்பனை ஒரு தொழில்நுட்பரும் ஐந்து கட்டாயச் சேவை வீரர்களும் நெடுஞ்சாலையோரத்தில் பத்து நிமிடத்தில் மறுபடி அனுப்ப வேண்டும் என்று ஸ்வீடன் வகுத்துக்கொண்ட இலக்கு, வான்போர் வேலைக்கு மட்டுமே பொருந்தும் என்றாலும், அட்டவணையின் எல்லா எண்களையும்விட எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு நாளில் எத்தனை முறை எழும்ப முடியும் என்பதில்தான் விலையும் திறனும் ஒன்றுசேர்கின்றன.

அடுத்த முறை அட்டவணை வெளியிடும்போது, ஒவ்வொரு விலைக்கும் எதிரே அதில் என்னென்ன அடங்கியுள்ளது என்பதைக் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைசி வரியில் உள்ள எஃப்-5 இலகுரக விமானம்தான், ஆனால் அதற்கு இரண்டு எஞ்சின்கள் உண்டு; அதை மட்டும் அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பாளர் ஒருவர்