பூங்கா கேட்டிலேயே நின்றுபோகும் உரிமை: ஒரு திறந்த மடல்

பெங்களூரு அல்சூர், கௌதமபுரா, ஆஸ்டின் டவுன் வட்டாரக் குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கும் விளையாட்டு மன்றத்தாருக்கும்,

வணக்கம். பொங்கல் விளையாட்டு விழாவுக்கு நோட்டீஸ் அடிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளை மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுத்து போட்டோ எடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்ற எண்ணம் நம் சங்கங்களில் ஊறிக் கிடக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில் பொழுதுபோக்கையும் 30ஆம் பிரிவில் விளையாட்டையும் அவர்களுக்கு உறுதிசெய்யும் பொறுப்பை அரசிடம் விட்டிருக்கிறது. அரசு வேலை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அந்தச் சட்டம் சொல்லும் 'தனியார் நிறுவனம்' என்பதில் சங்கமும் டிரஸ்ட்டும் அடங்கும். பொழுதுபோக்குக்காகப் பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் 'பொதுக் கட்டடம்'தான். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் வந்துபோகும்படி சரிசெய்யத் தந்த ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. இதற்கான அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, குறைந்தபட்சத் தரங்களாவது கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது.

முதல் தடை பூங்கா கேட். பைக் நுழையக்கூடாது என்று இரும்புக் குழாயை வளைத்து இசட் வடிவில் வைத்துவிடுகிறோம். சக்கர நாற்காலியின் அகலம் சுமார் 65 முதல் 70 செ.மீ.; பைக் ஹேண்டில்பாரும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே வழியைக் குறுக்கிப் பயனில்லை, நாற்காலிதான் வெளியே நிற்கும். வித்தியாசம் நீளத்தில் இருக்கிறது. பைக் சுமார் 2 மீட்டர், நாற்காலி 1.2 மீட்டருக்குள். இரு வளைவுகளுக்கும் நடுவே 1.5 மீட்டர் சதுர இடமும், உள்ளே வர, வெளியே போக 90 செ.மீ. வழியும் விட்டால் நாற்காலி திரும்பிவிடும், பைக் மாட்டிக்கொள்ளும். கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டி நீளமானது, இதில் திரும்பாது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு சாதாரண கேட் வேண்டும். அதைப் பூட்டிவிட்டு வாட்ச்மேன் சாவியோடு டீ குடிக்கப் போனால் கேட் இருந்தும் பிரயோசனமில்லை. பூங்கா திறந்திருக்கும் நேரம் முழுக்க வெறும் தாழ்ப்பாள் போதும், உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் உயரத்தில்.

சரிவுப்பாதையில் கணக்கு தவறுகிறது. சரிவு 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்றால், 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம். இடமில்லை என்று ஒன்றரை மீட்டரில் சிமென்ட் பூசி முடித்தால், ஏறும்போது நாற்காலி பின்னால் மல்லாந்துவிடும். மேலே பளபளப்பான கிரானைட் போடாதீர்கள், மழையில் வழுக்கும். வடிகால் மூடியின் கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்கே இருக்கட்டும். நெடுக்கே இருந்தால் முன் சிறு சக்கரம் இறங்கிச் சிக்கும், ஆள் முகங்குப்புற விழுவார்.

விளையாட்டுகளுக்குப் பெரிய செலவு இல்லை. உட்கார்ந்து ஆடும் வாலிபாலுக்கு 10 x 6 மீட்டர் தளமும், ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர் உயரத்தில் வலையும் போதும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களும் ஆடக்கூடிய போச்சியா என்ற பந்து உருட்டும் விளையாட்டுக்கு 12.5 x 6 மீட்டர் சமதளம், ஆறு சிவப்பு, ஆறு நீலப் பந்து, குறி வைக்க ஒரு வெள்ளைப் பந்து. மண் தரையில் பந்து நேராக உருளாது, கல்யாண மண்டபத் தரை நல்லது. கால்பந்தில் காது கேளாத பையன் இருந்தால் ரெஃப்ரி விசிலோடு கொடியையும் தூக்க வேண்டும். கண், காது எனப் பல புலன்களுக்கும் எட்டும் வசதிகளை எல்லா விளையாட்டிலும் தரச் சொல்லும் 30ஆம் பிரிவு நடைமுறையில் இதுதான்.

ரியோ, டோக்கியோ, பாரிஸ் என மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வென்ற சேலத்து உயரம் தாண்டும் வீரர் மாரியப்பன் தங்கவேலு பயிற்சி எடுத்தது இந்த ஊரில். அவருக்கு பேனர் கட்டும் நமக்கு, அடுத்த தெருப் பிள்ளை திடலுக்குள் நுழைய முடியாதது உறுத்த வேண்டும்.

இந்த வாரமே டேப்பை எடுத்துக்கொண்டு கேட்டை அளந்து, போட்டோவோடு வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நடக்கவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. அவர் பரிந்துரைத்தால், சம்பந்தப்பட்ட அதிகாரி நடவடிக்கை எடுத்து மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் வரை. அது உங்கள் சங்கத்துக்கும் பொருந்தும்.