ஐந்து நாள் பொறு, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. பாதி ஹெர்னியாவைப் பற்றி, மீதி அந்த மயக்க டாக்டரைத் திட்டி. தியேட்டர் வாசல்வரை தள்ளிக்கொண்டு போய், "ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின் மாத்திரையை நேற்று ராத்திரிகூடப் போட்டீர்களா? அப்படியென்றால் இன்றைக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். விடியற்காலையிலிருந்து வெறும் வயிற்றோடு கிடந்தவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அட்மிட் பண்ணும்போதே கேட்டிருக்க வேண்டும், அதில் நியாயம் உன் பக்கம். ஆனால் முப்பது வருஷம் மயக்க டாக்டராக அதே ஸ்டூலில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்: நான் இருந்திருந்தாலும் உன்னை வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பேன்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போடும்போது, கடைசிச் சவ்வைத் துளைப்பது விரலுக்கே தெரியும். உள்கம்பியை உருவினால் தெளிந்த நீர் ஒரு சொட்டு வந்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புபிவகைன் என்ற மரக்கவைக்கும் மருந்து, மூன்று மில்லி போல. அந்தச் சவ்வுக்கு வெளியே வலைபோல மெல்லிய சிரைகள் ஓடுகின்றன. ஊசி ஒன்றிரண்டை உரசுவது சகஜம், சாதாரண ஆளுக்குத் தானே உறைந்து நின்றுவிடும். உனக்கு நிற்காது. வயிற்றில் கசிந்தால் பஞ்சு வைத்து அழுத்தலாம், தையல் போடலாம். முதுகெலும்புக்குள் எங்கே போய் அழுத்துவது? தேங்கிய ரத்தம் நரம்பை நசுக்கும், கால் போய்விடும். மருந்தால் மரத்த காலா, ரத்தம் நசுக்கிய காலா என்று பிரித்தறியவே சில மணி நேரம் போய்விடும்.

ஒருமுறை நானே மாட்டியிருப்பேன். ஒரு பாட்டி, இடுப்பெலும்பு முறிவு. "மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை ஐயா" என்றார், கேஸ் ஷீட்டிலும் அப்படியே எழுதியிருந்தது. உட்கார வைத்து முதுகைத் துடைத்தாயிற்று. "மகன் வாங்கித் தரும் சத்து மாத்திரையை இன்றைக்குப் போடலாமா?" என்று கேட்டார். சுருக்குப்பையைத் திறந்து பார்த்தால் பாதி தீர்ந்த க்ளோபிடோக்ரெல் அட்டை, அதுவும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைதான்! ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

முழு மயக்கம் கொடுத்திருக்கலாமே என்பாய். முதுகு தப்பிக்கும், அறுக்கும் இடம்? வைட்டமின் கே ஊசி போட்டு வார்ஃபரினை முறித்திருக்கலாமே என்றால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரியில் உன் இதயத்தில் வைத்தது செயற்கை வால்வு. அவசரமில்லாத ஹெர்னியாவுக்காக அப்படி முறித்தால் வால்விலேயே ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. வார்ஃபரின் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது. அதனால் கல்லீரல் செய்து அனுப்பும் உறைவுப் புரதங்களில் நான்கு அரைவேக்காடாக வருகின்றன. மாத்திரை உடம்பைவிட்டு இறங்கி, முழுசாக வெந்தவை மறுபடி சேர ஐந்து நாள் ஆகும். அவ்வளவுதான் கணக்கு.

நீ விழுங்குவது எலி மருந்தாக வந்தது என்று தெரியுமா? 1933 பிப்ரவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் பக்கம் ஒரு விவசாயி, செத்த கிடேரியையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் கெட்டுப்போன க்ளோவர் என்ற தீவனச் செடியின் வைக்கோலையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் உயிர்வேதியியல் விஞ்ஞானி கார்ல் லிங்க்கின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். மாடுகள் ஏன் ரத்தம் ஒழுகிச் சாகின்றன என்பதுதான் அவர் கேள்வி. பூஞ்சை பிடித்த வைக்கோலில் இருந்த டைகூமரால் என்ற பொருள்தான் காரணம் என்று கண்டுபிடிக்க ஆறு வருஷத்துக்கு மேல் ஆனது. அதன் வழியில் செய்த வார்ஃபரின் 1948இல் எலிக்கு விற்பனைக்கு வந்தது. 1955இல் மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுத்தார்கள். அந்த வைக்கோலை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

சரி, அந்த ஐந்து நாளும் வால்வைச் சும்மா விட முடியாது. நடுவில் ஹெப்பாரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி போடச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அது சீக்கிரம் இறங்கிவிடும், அதுதான் வசதி. கடைசி ஊசி எப்போது என்பதை மயக்க டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். நீயாக எதையும் நிறுத்தாதே. இன்னொன்று, சைவப் பிள்ளையான உன்னிடம் மறைக்கக் கூடாது: ஹெப்பாரின் பன்றிக்குடலிலிருந்து எடுப்பது. அதை முறிக்கும் ப்ரோட்டமைன் வந்தது சால்மன் மீனின் விந்திலிருந்து. திட்டுவதானால் ஆபரேஷன் முடிந்த பிறகு திட்டு.

தங்கச்சியிடம் சொல், வைட்டமின் கே நிறைந்த முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் அண்டா நிறைய, மறுவாரம் ஒன்றுமில்லை என்று இல்லாமல் எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும். ஆபரேஷன் அன்று காலையில் எடுக்கும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சீட்டைப் பேரனிடம் கொடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். போன தடவை அனுப்பியதில் பாதி அவன் கட்டைவிரல்தான் தெரிந்தது.

உன் கடைசி பெஞ்சுக் கூட்டாளி