சைதாப்பேட்டை அக்காமார்களுக்கும் மேஸ்திரி அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

வணக்கம்.

நகரத்தில் பேரிடர் வந்தால் வீடிழந்தவர்களுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்ய வேண்டிய களப்பணியாளர்களுக்காக நாங்கள் நடத்திய பயிற்சி நல்லபடியாக முடிந்தது. வந்தவர்களில் பலர் 2018 கஜா புயலில் டெல்டா கிராமங்களில் வேலை பார்த்தவர்கள். அங்கே குடிசை விழுந்த இடத்திலேயே தார்ப்பாய் கட்டிக் கொடுக்கலாம். சென்னையில் தார்ப்பாய் விரிக்கக்கூட மண் கிடையாது. இங்கே என்ன செய்வது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நீங்கள்தான்.

முதல் நன்றி, அடையாற்றுக் கரையில் குடியிருந்த அக்காமார்களுக்கு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள் என்பதெல்லாம் எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. அந்த வெள்ள ராத்திரியில் ரேஷன் கார்டை எதில் சுற்றி இடுப்பில் செருகினீர்கள், மாமியாரை யார் தூக்கினார்கள் என்பதை நீங்கள் வந்து சொன்னால்தான் உண்டு. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து சொன்னீர்கள். பழைய வேதனையைக் கிளறுகிறோமே என்று எங்களுக்குத் தயக்கமாக இருந்தது. "அடுத்தவங்களுக்காவது ஒழுங்கா நடக்கட்டும், கேளுங்க" என்று நீங்களே தைரியம் கொடுத்தீர்கள்.

ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் பெரும்பாக்கத்துக்கு மாறிப் போனவர்களும் பஸ் பிடித்து வந்தீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு அங்கே அடுக்குமாடியில் வீடு கிடைத்தது, ஆனால் வீட்டு வேலை பார்த்த நாலு வீடும் சைதாப்பேட்டையிலேயே நின்றுவிட்டன என்று ஒருவர் சொன்னதை எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கூரை கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிற யாருக்கும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அந்தச் சாக்பீஸ் கோடுகளை மறக்க மாட்டோம். ஒரு ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் வேண்டும் என்பது, பேரிடர் உதவிக்கு உலக அளவில் குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டின் அளவு. அப்படிப் பார்த்தால் 20 அடிக்கு 20 அடி வகுப்பறையில் ஐந்து பேர் கொண்ட குடும்பம் இரண்டுதான் தங்கலாம். தரையில் கோடு போட்டுக் காட்டினோம். ஒரு அக்கா அதற்குள் போய்ப் படுத்துப் பார்த்தார். "சரி, வயசுப் பொண்ணு எங்க துணி மாத்தும்?" என்றார். பிறகு அவரே ஒரு புடவையை வாங்கி, இந்த ஜன்னல் கம்பியிலிருந்து அந்த ஜன்னல் கம்பிக்கு இழுத்துக் கட்டினார். கழிப்பறைக்குப் போகிற வழியில் ராத்திரி லைட் எரிய வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இவையும் கையேட்டில் உள்ளவைதான். ஆனால் அவர் சொன்ன பிறகுதான் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் ஓடிப் போய்ப் பள்ளிக் கழிப்பறையின் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

மேஸ்திரி அண்ணனுக்கு என்ன சொல்ல! தார்ப்பாயில் கயிறு கோக்கும் கண் கிழிந்துபோனால் மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டச் சொன்னார். எவ்வளவு இழுத்தாலும் கழன்று வரவில்லை. சுவரை நாணயத்தால் தட்டி, சத்தம் பொள்ளலாகக் கேட்டால் பூச்சு விட்டிருக்கிறது என்று காட்டினார். ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அதோடு ஒன்று சேர்த்தார்: தூணும் உத்தரமும் சேருமிடத்தில் விரிசல் இருந்தால் உள்ளே யாரையும் தங்க விடாதே, பொறியாளரைக் கூப்பிடு. இருவரும் மாறி மாறிப் பேசியதைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

வீட்டுத் தரகர் அண்ணனை எதற்குக் கூப்பிட்டோம் என்று சிலர் கேட்டார்கள். ஹெய்ட்டி நாட்டில் 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு சுமார் 15 லட்சம் பேர் வீடின்றி நின்றார்கள். முகாம்களிலிருந்து பல குடும்பங்கள் வெளியேற உதவியது, ஒரு வருட வாடகைக்கென்று கொடுத்த சுமார் 500 டாலர். இங்கேயும் வாடகைப் பணம் கொடுக்கலாமே என்று பேச்சு வந்தபோது அண்ணன் நடைமுறையைச் சொன்னார். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது; பல ஓனர்கள் இன்னும் பத்து மாதம் கேட்கிறார்கள். தனியாக வாழும் பெண் என்றால் வீடு இல்லை என்கிறார்கள். பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்காமல் கூடவே போய் ஓனரிடம் பேசுங்கள், ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள் என்றார். அடுத்த பயிற்சியில் இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கப் போகிறோம்.

பள்ளியைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியை, சாம்பார் சாதம் கட்டிக் கொடுத்த மகளிர் குழு அம்மாக்கள், மைக்செட் தம்பி, எல்லோருக்கும் நன்றி.

பயிற்சிக்கு வாங்கிய தார்ப்பாய்களும் கயிறும் பள்ளி ஸ்டோர் ரூமிலேயே இருக்கின்றன. சாவி ஆயாம்மாவிடம் இருக்கிறது. ஐப்பசியில் மழை வலுத்தால் எங்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பயிற்சிக் குழுவினர்