“இது அசைபோடல, வலியில பல்லக் கடிக்குது”: சந்தையில் சொன்ன அண்ணனுக்கு நன்றி

பெயர்கூடக் கேட்கவில்லை அண்ணே. எங்கள் வெள்ளாட்டைப் பார்த்ததும் நீங்கள் சொன்னதை எல்லோரும் அறியட்டும்.

அசைபோட்டால் கவளம் கழுத்தில் ஏறி இறங்குவது தெரியும். வலியில் கடித்தால் நறநறவென்று சத்தம் வரும், கவளம் ஏறாது. இடது வயிற்றுப் பள்ளத்தில் கை முட்டியை அழுத்தி வைத்தால், நிமிடத்துக்கு 1-2 தடவை அசைவு தட்டுப்பட வேண்டும். எங்கள் ஆட்டுக்குத் தட்டுப்படவில்லை. அரிசி, மக்காச்சோளம் அளவுக்கு மிஞ்சித் தின்றால் வயிற்றில் அமிலம் கூடி இப்படித்தான் அசைவு நிற்கும்.

தானியத்தை நிறுத்தி, காய்ந்த புல் மட்டும் வைத்து, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னீர்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து மருந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று தடுத்தீர்களே, அதற்குத் தனி நன்றி. கிடாய் பல்லைக் கடித்து முக்கினால் மூத்திர அடைப்பையும் பார்க்கச் சொன்னீர்கள், அதையும் மறக்கமாட்டோம்.